எல்லையோர வீடுகளில் கைக்குழந்தை வளர்ப்பு: பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால், டீ வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிடும். "ஏனுங் டீச்சர், இவன்கிட்டத் தமிழ்ல பேசறதா, மலையாளத்துலயா?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது: "போன்ல இங்கிலீஷ் பாட்டு போட்டுவிட்டா சீக்கிரம் பேசுமாமா?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கிறவர் தனக்கு இயல்பாக வருகிற பேச்சில் பேச வேண்டும். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தால், முதல் மூன்று வருடப் படிப்பில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும். எந்த வயதில் எதைக் கவனிப்பது, எதைத் தவிர்ப்பது, சந்தேகம் வந்தால் எங்கே போவது என்பதெல்லாம் மீதிக் கால். பாலக்காட்டு எல்லையில் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். முதல் குழந்தை பெற்றவர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய அம்மா, மாமியாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. குழந்தை பகலில் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நம் பக்கம் பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்டில். அது பொள்ளாச்சியாகவோ ஆனைமலையாகவோ உடுமலையாகவோ இருக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. அப்புறம் அம்மா தொழிலுறுதி என்கிற அரசின் ஊரக வேலைக்கோ கோயமுத்தூர்க் கம்பெனிக்கோ போய்விட, குழந்தை ஆத்தாவிடம், அதாவது அப்பாவைப் பெற்றவரிடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அம்மா முகம்.

இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கிறவர் ஆத்தாதான் என்பதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா வரும்போது அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போவதும், ஆத்தா அடுப்படியிலேயே நிற்பதும் நான் நிறையப் பார்த்தது. ஆத்தாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இந்தக் கட்டுரையையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மொழி விஷயத்துக்கு வருவோம். ஆத்தாவுக்குக் கொங்குத் தமிழ் என்றால் கொங்குத் தமிழ்தான். அப்பா பாலக்காட்டு மலையாளம் பேசி வளர்ந்தவர் என்றால் அவர் மலையாளத்தில் பேசட்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு வராமல் போவதில்லை. சில மாதம் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கும், அவ்வளவுதான். யாரிடம் எதில் பேசுவது என்பதை அதுவே பிரித்துக்கொள்ளும்.

தெரியாத மொழியில் பேசுவதுதான் சிக்கல். இங்கிலீஷ் சரளமாக வராத ஒரு அம்மா பிடிவாதமாக இங்கிலீஷில் பேசினால் குழந்தை காதில் விழுவது "கம், கோ, சிட், நோ" நான்குதான். அதே அம்மா தன் தமிழில் பேசினால் கெஞ்சுவார், கொஞ்சுவார், கேலி செய்வார், பக்கத்து வீட்டுக் கோழி முட்டையை எங்கே ஒளித்துவைத்தது என்று கதை சொல்வார். கேள்வி, காரணம், நேற்று, நாளைக்கு என்று எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கும். அதுதான் குழந்தைக்கு வேண்டும். பின்னால் பள்ளிக்கூடத்தில் எந்த மொழி வந்தாலும் இந்த அடித்தளத்தின் மேல்தான் அது ஏறி உட்காரும்.

2. முதல் மூன்று மாதம்: முகமும் குரலும்

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது அம்மா முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் தொட்டிலுக்கு மேலே சுற்றுகிற பொம்மை வாங்கித் தொங்கவிடுவதைவிட, பால் குடிக்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். குரல் அதற்குப் புதிதல்ல. வயிற்றில் இருக்கும்போதே அம்மா குரலைக் கேட்டுப் பழகிவிட்டுத்தான் வெளியே வருகிறது.

பேச என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். செய்கிற வேலையைச் சொல்லுங்கள். "சட்டை கழட்டலாமா கண்ணு? இந்தக் கையை எடு... ஆ, வந்துருச்சு." இரண்டு மாதம் ஆகும்போது குழந்தை 'ஊ', 'ங்ங்' என்று ஏதாவது சொல்லும். உடனே நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள். அது சொன்னதை நீங்களும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். மறுபடியும் சொல்லும். ஒருவர் பேச மற்றவர் கேட்டு, பிறகு இவர் பேசுவது என்ற முறையை அது இங்கேதான் முதன்முதலில் கற்கிறது.

குளியலைப் பற்றி. ஆத்தா காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தடவுகிறார் பாருங்கள், டாக்டர்கள் இன்று குப்புறப் படுக்கவைத்துப் பழக்கச் சொல்வதும் அதைத்தான். தவழத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும்போது, ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரேயடியாக வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் எனப் பாயில் போட்டு, எதிரே நீங்களும் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டுங்கள். கழுத்தும் தோளும் உறுதிப்பட்டால்தான் பின்னால் புரள்வதும் உட்கார்வதும் வரும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

ஆனால் ஆத்தாவிடம் அன்பாகச் சொல்லி நிறுத்த வேண்டியவையும் உண்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது, நாக்கில் தேனோ வசம்போ தடவுவது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம்.

"தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆயிடும்" என்பார்கள். இந்த வயதில் அப்படி ஒன்றும் ஆகாது. அழும்போதெல்லாம் ஆள் வருகிறார் என்று தெரிந்த குழந்தைதான் பின்னால் தைரியமாக இறங்கி விளையாடப் போகும்.

பிரசவமாகி வீட்டுக்கு வந்தபின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் ஆஷா வீட்டுக்கு வர வேண்டும். அதன்பின் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களில். தமிழ்நாட்டில் பிரசவித்துவிட்டு இடையில் இங்கே வந்தவர்களுக்குத்தான் இது தவறிப்போகிறது. வந்த வாரமே தாய் சேய் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அங்கன்வாடிக்குப் போய்ப் பெயரைச் சேருங்கள். அட்டை எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. தடுப்பூசி விவரத்தையும் பிறந்த எடையையும் அதைப் பார்த்துத்தான் இங்கே எழுதிக்கொள்வார்கள்.

3. மூன்று முதல் ஒன்பது மாதம்: விளையாட்டுதான் பாடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பொம்மைக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஆத்தாவோ, அம்மாவைப் பெற்ற அம்மாயியோ விளையாடிக் காட்டிய ஒரு விளையாட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்து, அதில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவது. அப்புறம் ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், அப்புச்சிக்கு ஒரு வாய். கடைசியில் இரண்டு விரல் நண்டாகி, மணிக்கட்டிலிருந்து மெல்ல ஊர்ந்து, முழங்கை தாண்டி, கக்கத்தில் போய்க் கிச்சுக்கிச்சு.

நான்கு மாதக் குழந்தை கக்கத்தில் விரல் பட்டபின்தான் சிரிக்கும். ஆறேழு மாதக் குழந்தையைக் கவனியுங்கள். நண்டு முழங்கையில் இருக்கும்போதே உடம்பைச் சுருக்கிக்கொண்டு, வாயைத் திறந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். "ம்?" என்று கேளுங்கள். கையை ஆட்டும், கத்தும், உங்கள் விரலைப் பிடித்து இழுக்கும். ஞாபகம், எதிர்பார்ப்பு, கேட்டு வாங்குவது எல்லாம் அந்த ஒரு நொடிக்குள் நடக்கிறது. இன்னும் சில மாதத்தில் தானே கையை நீட்டிக் காட்டும். அப்போது ஒரு வார்த்தைகூட இல்லாமல் அது உங்களிடம் பேசிவிட்டது.

முந்தானையால் முகத்தை மூடித் திறக்கிற விளையாட்டும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது குழந்தைக்குப் பிறவியிலேயே தெளிவாகத் தெரிவதில்லை. எட்டு ஒன்பது மாதத்தில் அது உறுதிப்படும். துணிக்கு அடியில் கரண்டியை ஒளித்துவைத்தால் துணியை இழுத்து எடுக்கும். அதே காலத்தில்தான் அம்மா எழுந்து போனால் அழுவதும், புது ஆளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தொடங்கும். "நல்லாத்தானே எல்லார்கிட்டயும் போயிட்டிருந்தான், இப்ப என்னாச்சு?" என்று கவலைப்பட வேண்டாம். வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குக் கிளம்பும்போது ஒளிந்து ஓடாதீர்கள். சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போங்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு வீட்டில் பஞ்சமே இல்லை. எவர்சில்வர் டம்ளர் இரண்டு, மரக்கரண்டி, ஓரம் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சி, மூடி இறுக்கமாக ஒட்டிய டப்பாவுக்குள் கொஞ்சம் பயறு, பலவிதமான துணி. பனை இல்லாத வரப்பு நம் ஊரில் ஏது? பனையோலையில் கிலுகிலுப்பை செய்யத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாயில் வைக்கும். இந்த வயதில் அது பார்க்கிறதே வாயால்தான். அதனால் கழுவிக் கொடுங்கள். வாய்க்குள் முழுசாகப் போகிற அளவில் எதையும் கொடுக்காதீர்கள்.

உட்காருவது, நிற்பது, நடப்பது பற்றி ஒப்பிடும் பேச்சு வீட்டுக்கு வீடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, யாரும் பிடித்துக்கொள்ளாமல் தானே உட்காருவது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள், தனியாக நடப்பது சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதத்துக்குள். இவ்வளவு அகலமான இடைவெளி இருக்கும்போது, சித்தப்பா மகன் பத்து மாதத்தில் நடந்தான் என்பதில் ஒன்றும் இல்லை. சில குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிடும்.

இதையொட்டி வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்து, நடுவில் குழந்தையை உட்காரவைக்கிற பிளாஸ்டிக் வளையம் வேண்டவே வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. வாசற்படியில் உருண்டு விழவும் அடுப்பை எட்டவும்தான் உதவும். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மரத்து நடைவண்டி வேறு சாதி. குழந்தை தானாக எழுந்து நின்று, தன் பலத்தில் தள்ளிக்கொண்டு போவது. பிடித்து நிற்கப் பழகியபின், பக்கத்தில் ஆள் இருக்க, சமதரையில் கொடுக்கலாம்.

4. ஆறாம் மாதம்: சோறும் ஒரு பாடவேளை

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு. கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அங்கன்வாடி வழியாக அமிர்தம் பொடி கிடைக்கும். குடும்பஸ்ரீ என்கிற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் தயாரிப்பது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்தது. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்ச வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல் நிற்கும் பதம் சரி. வாங்கிக்கொண்டுபோய்ப் பெரியவர்கள் உருண்டை பிடித்துத் தின்றுவிடும் வீடுகளும் எனக்குத் தெரியும். அது குழந்தைக்கு. ராகிக்கூழ், பருப்புச்சாதம், மசித்த காய், முட்டை எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளலாம். இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கும். அதனால் ஆஷாவிடம் கேட்டு இரும்புச்சத்து மருந்தை வாங்கி, சொன்ன அளவில், வாரம் இருமுறை தவறாமல் கொடுங்கள்.

எப்படி ஊட்டுகிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. குழந்தையை உட்காரவைத்து, எதிரே நீங்கள் உட்கார்ந்து, வாயைத் திறக்கும்வரை காத்திருந்து ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் போதும் என்று சொல்கிறது. ஒன்பது மாதத்தில் ஒரு தட்டில் நாலு பருக்கை சாதம், வேகவைத்த கேரட் துண்டு வைத்துவிட்டு விடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பருக்கையைப் பொறுக்குவதற்கு அது படும் பாடு இருக்கிறதே, பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் அவைதான். தரை அழுக்காகும். ஆகட்டும்.

போன் காட்டி ஊட்டினால் தட்டு காலியாகும், உண்மைதான். ஆனால் தான் எவ்வளவு சாப்பிட்டோம், பசி தீர்ந்ததா, கத்தரிக்காய் எப்படி இருக்கும் என்று எதுவும் அதற்குத் தெரியாது. அடுத்த மாதம் போன் இல்லாமல் வாய் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் கடலை விளைகிற பூமி. வீட்டு மூலையில் எப்போதும் ஒரு சாக்கு நிலக்கடலை இருக்கும். ஐந்து வயது வரை முழுக் கடலை, பட்டாணி, புளியங்கொட்டை எதுவும் குழந்தை கைக்கு எட்டக்கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அரைத்தோ பொடித்தோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

5. ஒரு வயது முதல் இரண்டு வரை: காட்டும் விரலைப் பாருங்கள்

ஒரு வயதையொட்டிக் குழந்தை விரலை நீட்டிக் காட்டத் தொடங்கும். முதல் சொல்லைவிட இதற்காகத்தான் நான் அதிகம் காத்திருப்பேன். "நான் பார்ப்பதை நீயும் பார்" என்று அது உங்களை அழைக்கிறது. அது காட்டுகிற திசையில் பாருங்கள். காட்டியதன் பெயரைச் சொல்லுங்கள். கூடவே ஒன்றைச் சேருங்கள். காக்காயைக் காட்டி "கா" என்றால், "ஆமா, காக்கா! கருப்புக் காக்கா. பறந்து போயிருச்சு பாரு." குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு மூன்றாக நீட்டித் திருப்பிக் கொடுங்கள். "சொல்லு, சொல்லு, காக்கா சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். விருந்தாளி முன்னால் நிறுத்திச் சொல்லவைப்பது அதைவிட மோசம்.

மழலையைப் பார்த்துச் சிரிக்கலாம். அதே மழலையில் நீங்களும் பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். குழந்தை "தத்தி" என்றால் "தண்ணி வேணுமா, இந்தா தண்ணி" என்று சரியான உச்சரிப்பு அதன் காதில் விழட்டும். திருத்தம் அவ்வளவே.

இரண்டு மொழி வீட்டில் சொற்களை எண்ணும்போது இரண்டையும் கூட்டுங்கள். தமிழில் எட்டு, மலையாளத்தில் ஐந்து என்றால் குழந்தையிடம் பதின்மூன்று சொல் இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்தால் அதையும் இரண்டாகவே எண்ணுங்கள்.

வீட்டு வேலையில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக்காய் உரிக்கும்போது பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். துணி மடிக்கும்போது "அப்பா சட்டை எது?" முறத்தில் புடைக்கும்போது பறக்கிற உமியைப் பிடிக்கட்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடுமா, கொடியில் காயும் சேலை படபடக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் எதிரே நில்லுங்கள். அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால் அரை மணி நேரம் போதாது.

படம் பார்க்க விலை உயர்ந்த புத்தகம் அவசியமில்லை. தினசரிக் காலண்டர், பழைய பத்திரிகை, கல்யாண ஆல்பம். மடியில் உட்காரவைத்து, பக்கத்தை அதுவே புரட்டட்டும். ஆல்பத்தில் "இது யாரு?" என்று கேட்டு, நீங்களே "அம்மாயி" என்று சொல்லி, பக்கத்தில் இருக்கிற அம்மாயியைக் காட்டினால், காகிதத்தில் இருப்பதும் ஆளும் ஒன்று என்பது அதற்குப் பிடிபடும். படிப்பு என்கிற பெரிய சங்கதி அங்கேதான் ஆரம்பம்.

நடக்க ஆரம்பித்த குழந்தைக்கு முதல் ஆபத்து தண்ணீர். கால் பக்கெட் தண்ணீர் போதும். தொட்டி, கிணறு, மூடாத பக்கெட் எதுவானாலும் மூடுங்கள், கவிழ்த்து வையுங்கள், வாசலுக்குத் தடுப்புப் போடுங்கள்.

6. இரண்டு முதல் மூன்று: பாசாங்கும் பிடிவாதமும்

கொட்டாங்குச்சியில் மண்ணைப் போட்டு "டீ குடிங்க" என்று நீட்டினால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். "சூடா இருக்கு, சக்கரை பத்தலையே" என்று சொல்லுங்கள். இல்லாததை இருப்பதாக நினைக்கத் தெரிந்த குழந்தைதான் பின்னால் ஒரு கோடு 'அ'வாக இருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ளும்.

பலகையில் அ, ஆ எழுதவைக்கும் ஆசையை மட்டும் இப்போது அடக்கிக்கொள்ளுங்கள். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதிவைப்பது மரியாதையான சடங்கு, அதற்கு மறுப்பில்லை. மறுநாளிலிருந்து தினம் ஒரு பக்கம் என்று உட்காரவைப்பதுதான் வேண்டாம். விரலில் இன்னும் பலம் வரவில்லை. மாவு பிசையட்டும், மண்ணில் கோடு இழுக்கட்டும், கரித்துண்டால் சுவரில் கிறுக்கட்டும். ஒரு சுவரை விட்டுக்கொடுங்கள்.

தரையில் விழுந்து புரண்டு அழுகிறதா? இந்த வயதில் அதன் ஆசை பெரிது, சொல் குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. அடித்தால் பயம்தான் வரும், சொல் வராது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அடங்கியதும் அதன் சார்பில் நீங்கள் சொல்லுங்கள்: "பொம்மை வேணும்னு நெனச்ச, கெடைக்கல, கோவம் வந்துருச்சு." நாளாவட்டத்தில் அதுவே "கோவமா இருக்கேன்" என்று சொல்லத் தொடங்கும். வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னால் ஆத்தாவும் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரி சொல்லுங்கள். பாதிப் பிடிவாதம் அதிலேயே குறையும்.

மூன்று வயதில் அங்கன்வாடி. அங்கே பாட்டும் பேச்சும் மலையாளத்தில் இருக்கலாம். நம் எல்லை ஊர்களில் பல டீச்சர்களுக்குத் தமிழ் புரியும். இருந்தாலும் சேர்ப்பதற்குச் சில வாரம் முன்னாலிருந்தே அரை மணி நேரம் கூட்டிக்கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தண்ணீர், பசி, ஒன்றுக்கு, அம்மா வேண்டும் என்பதற்கெல்லாம் உங்கள் குழந்தை வீட்டில் என்ன சொல்கிறது என்று டீச்சரிடம் எழுதிக் கொடுங்கள். முதல் சில வாரம் குழந்தை அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம். வீட்டில் கலகலவென்று பேசுகிற குழந்தை என்றால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

7. போனும் தூக்கமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கோயமுத்தூரில் இருந்து அப்பா வீடியோ காலில் பேசினால் அது வேறு. அவர் பதில் சொல்கிறார். கார்ட்டூன் பதில் சொல்லாது. தூக்கம் முதல் மூன்று மாதத்தில் 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதத்தில் 12 முதல் 16, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14. பகல் தூக்கமும் இதில் அடக்கம். பெரியவர்கள் சீரியல் முடிந்து தூங்குகிற வீட்டில் குழந்தைக்கு இந்தக் கணக்கு எங்கே சேரும்?

8. சந்தேகம் வந்தால் எங்கே, எப்படி

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய ஒரு பரிசோதனை அட்டை உண்டு. இரண்டு வயது வரைக்கும் பதினேழே கேள்விகள். ஒவ்வொன்றும் எந்த வயதுக்குள் வர வேண்டும் என்பது ஒரு கோடாகப் போட்டிருக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு ஸ்கேலை நிமிர்த்திவைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். ஆஷாவிடமோ ஆரம்ப சுகாதார மையத்திலோ அதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நவசேதனா என்ற திட்டத்தில் மூன்று வயது வரை மாதம் வாரியாக 140 விளையாட்டுகள் இருக்கின்றன. அதையும் அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை. ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கையசைப்பதோ காட்டுவதோ இல்லை. ஒன்றரை வயதில் நடை இல்லை, ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். இருந்த பேச்சோ சிரிப்போ நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

"இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்", "ஆம்பளப் பசங்க மெதுவாத்தான் பேசும்", "ரெண்டு பாஷை கேட்டுக் குழம்பிருச்சு". இந்த மூன்றையும் சொல்லியே ஒரு வருடத்தைக் கடத்திவிடுவார்கள். காட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். ஏதாவது இருந்தால், சீக்கிரம் தொடங்குகிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது கேட்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் அட்டையில் அது எழுதப்படவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். "சத்தம் போடுறானே, காது கேக்காம இருக்குமா?" என்று இருந்துவிடாதீர்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் மற்றக் குழந்தைகளைப் போலவே சத்தம் எழுப்பும், அப்புறம்தான் குறையும்.

ஆரம்ப சுகாதார மையத்திலோ சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மாவட்ட அளவிலான தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். பிறப்புக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காகத் தேசியச் சுகாதார இயக்கத்தில் இலவசமாக நடப்பது. போகும்போது தாய் சேய் அட்டையை எடுத்துப் போங்கள். வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள், குழந்தைக்கு இரண்டிலும் சேர்த்து எத்தனை சொல் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இயல்பாக விளையாடும்போது போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துவையுங்கள். பகலில் பார்த்துக்கொள்கிற ஆத்தாவையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்கு அவருக்குத்தான் பதில் தெரியும். குழந்தை தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. பசியும் தூக்கமுமாக இருக்கிற குழந்தை டாக்டர் முன்னால் எதையும் செய்து காட்டாது.